அழுங்கு ‘நாம்’ ஆன கதை

ஒரு காட்டில் தின்பவர்கள் இருந்தார்கள், தின்னப்படுபவை இருந்தன. காட்டின் நடுவில் ஒரு சுனை. சுனைக்கரையில் ஒரு பாறை. பாறையில் ஒரே ஒரு வரி செதுக்கியிருந்தது: ‘நாம் நம்மைத் தின்ன மாட்டோம்.’

செதுக்க வைத்தவர்கள் புலிகள். அந்தக் காலத்தில் ‘நாம்’ என்றால் புலிகள்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. மான்கள்கூடத் தண்ணீர் குடிக்க வரும்போது அந்த வரியை நின்று படித்து, “அடடா, என்ன உயர்ந்த எண்ணம்!” என்று மெச்சிவிட்டுப் போகும். போகிற வழியில் தின்னப்படும்.

அந்த வரியை நடைமுறைப்படுத்த ஒரு வழக்கமும் இருந்தது. பிடிபட்டது “நாம்!” என்று கூவ வேண்டும். பாறையின் ‘நாம்’இல் சேர்ந்த ஆள் என்றால், பிடித்தவரும் பதிலுக்கு “நாம்” என்று சொல்லியாக வேண்டும். நீங்களே சொல்லிப் பாருங்கள். ‘நா’ என்னும்போது வாய் திறக்கிறது. ‘ம்’ என்னும்போது மூடிக்கொள்கிறது. மூடிய வாயால் யாரையும் கடிக்க முடியாது. பிடிபட்டது சேராத ஜாதி என்றால் “நாங்கள்” என்று சொன்னால் போதும். ‘நாங்கள்’ சொல்லி முடிக்கும்போது வாய் திறந்தபடியே இருக்கிறது. அப்படியே கவ்விக்கொள்ளலாம். இலக்கணத்தை யார் செய்தார்களோ தெரியாது. நல்ல பசியோடுதான் செய்திருக்கிறார்கள்.

சொல்ல வேண்டியவருக்குச் சொல்லாமல் தின்றால், சுனையில் தண்ணீர் கிடையாது. கோடையில் அது மரண தண்டனை. மழைக்காலத்தில் வெறும் மானக்கேடு.

பாறையில் இடம் பெற்றவரை ‘அவர்’ என்றும், பெறாததை ‘அது’ என்றும் சொல்வது அந்தக் காட்டு மரியாதை. இந்தக் கதையும் அதை மீறாது. கதைக்கும் தாகம் எடுக்குமே.

காலம் போகப் போக, ‘நாம்’ உண்ட வயிறுபோலப் பெருத்துக்கொண்டே வந்தது. முதலில் யானைகள் வந்தார்கள். அவர்களை யாரும் அழைக்கவில்லை. ஒருநாள் ஒரு யானை வந்து பாறைமேல் ஒரு காலை வைத்து, “எங்களைச் சேர்த்தாச்சா?” என்று கேட்டது. “எப்பவோ சேர்த்தாச்சே!” என்றார்கள் புலிகள். அடுத்தது சிறுத்தைகள். கோடும் புள்ளியும் ஒன்றா என்று பல தலைமுறை வழக்கு நடந்தது. கடைசியில், கோட்டை வெட்டினால் புள்ளிதானே என்று ஒரு புலவர் சொல்ல, அவர்களும் உள்ளே வந்தார்கள். கழுதைப்புலி வந்து, “என் பேருலயே புலி இருக்கே” என்றது. சபை ஆழ்ந்து யோசித்து, “முன்பாதிக்கு நாம், பின்பாதிக்கு நாங்கள்” என்று தீர்ப்புச் சொன்னது. அன்றிலிருந்து கழுதைப்புலிகள் யாருக்கும் முதுகு காட்டியதில்லை. ஊரார் அதை வீரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பிறகு மான்கள். கொம்புள்ளவரே மான் என்று சபை முடிவு செய்தது. “அந்தக் கொம்பனைப் பெத்தது யாரு?” என்று பெண்மான்கள் கேட்டன. நல்ல கேள்விதான். அது சுனைக்கரை வந்துசேர்வதற்குள் கேட்ட பெண்மான்களில் பெரும்பாலானவை செரித்துப் போயிருந்தன.

ஒவ்வொரு முறையும் விழா எடுத்தார்கள். ஒவ்வொரு விழாவிலும் யாராவது ஒருவர் எழுந்து, “இத்தோடு எல்லாரும் வந்தாச்சு, இனி வெளியே யாரும் பாக்கி இல்லை” என்பார். வெளியே நின்று கேட்டவை கைதட்டும்.

அப்புறம் பெருந்தீ வந்தது. காடு முழுக்க எரிந்தது. தப்பித்தவர்களும் தப்பித்தவையும் சுனைக்குள் கழுத்தளவு நின்றபோது, புலியின் மோவாயில் முயலின் காது உரசிக்கொண்டிருந்தது. அந்தப் பயத்தில் அத்தனை பேரும் சேர்ந்து “நாம், நாம்” என்று நடுங்கினார்கள். தீ அணைந்ததும், சூடு ஆறுவதற்குள் பாறையில் புது வரி ஏறியது: ‘எல்லாரும் நாம்.’

அந்த ‘எல்லாரும்’இல்தான் சூது. ‘அவர்’ என்று சொல்லத்தக்கவர்கள் சேர்ந்தால் ‘எல்லாரும்’. ‘அது’ என்று சொல்லப்படுபவை சேர்ந்தால் ‘எல்லாம்’. பாறையில் எல்லாரும் இருந்தார்கள். எல்லாம் இல்லை.

இந்த இடத்தில்தான் நம் அழுங்கு வருகிறது.

அதன் பெயர் செதில்முத்து. உடம்பெல்லாம் செதில், ஆனால் மீன் இல்லை. புற்றைத் தோண்டும், ஆனால் பாம்பு இல்லை. வாயில் ஒரு பல் கிடையாது; நீளமான நாக்கு மட்டும்தான். பயந்தால் வாலைத் தலையோடு சேர்த்துச் சுருண்டுகொள்ளும். சுருண்டால் அசல் பலாப்பழம். சபைத் தலைவரான கரடி கனகசபைக்குப் பலாப்பழம் என்றால் உயிர். “உருளுது. தோலு முள்ளுமுள்ளா இருக்கு. உள்ள சதை இருக்கு. பழத்துக்கு வேற என்ன இலக்கணம்?” என்று அவர் எப்போதோ தீர்ப்புச் சொல்லியிருந்தார். அதனால் அழுங்குகள் ‘அவர்’ பட்டியலில் மட்டும் இல்லை என்று நினைக்க வேண்டாம். விலங்குகள் கணக்கிலேயே இல்லை.

செதில்முத்து இதையெல்லாம் அதிகம் நினைத்ததில்லை. நினைக்கிற சுபாவம் அதற்கு உண்டு. படுத்தால் தூக்கம் வராமல் எதையாவது புரட்டிக்கொண்டிருக்கும். ஆனால் உரிமை பற்றி யோசிக்க அவசியம் வரவில்லை. அன்று காலை வந்தது.

அதன் மகள் சிப்பி சுனைக்குத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தது. புதர் விலகியது. சிறுத்தை புள்ளிராசு நின்றிருந்தார்.

“நாம்!” என்று கத்தியது சிப்பி.

“நாங்கள்” என்றார் புள்ளிராசு, நிதானமாக. வாயைத் திறந்தபடியே குனிந்தார். அதற்குள் சிப்பி சுருண்டுவிட்டது. ‘கடக்’ என்று ஒரு சத்தம். புள்ளிராசு பல்லைத் தடவிக்கொண்டு, உருண்டையின்மேல் ஒரு காலை வைத்துச் சாவகாசமாக உட்கார்ந்தார். “அவசரமில்ல. பழம்னா ஒரு நேரத்துக்குத் தானா வெடிக்கும்.”

செதில்முத்து ஓடிவந்து பார்த்தபோது, உருண்டைக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

“அப்பா, வால் நழுவுது.”

“கெட்டியா புடிச்சுக்கோ கண்ணு.”

“எவ்ளோ நேரம்?”

செதில்முத்து சிறுத்தையிடம் திரும்பியது. “ஐயா, சின்னப்பிள்ளைங்க. விட்டுடுங்க” என்றது.

“அண்ணே, உங்க வருத்தம் எனக்குப் புரியுது” என்றார் புள்ளிராசு. கெட்டவர் இல்லை, மரியாதை தெரிந்தவர். “பாறையில இருந்தா இந்நேரம் ‘நாம்’னு சொல்லிட்டுப் போயிருப்பேன். சட்டம்னா எனக்கு உயிரு. பழத்துக்கு எப்படிண்ணே சொல்றது? நாளைக்கு மாம்பழம் வந்து நிக்கும்.”

சுனைக்கரையில் அன்று சபை கூடியிருந்தது. செதில்முத்து திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

பாறைக்கு முன்னால் வரிசை நின்றது. வரிசையின் தலையில் ஒரு குரங்கு உட்கார்ந்து, வந்தவற்றுக்கெல்லாம் முறைச்சீட்டாக அரசிலை கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில், மலைக்கு வந்த சுற்றுலாக்காரரிடம் பறித்த செல்போன் தொங்கியது. நீரிலா நிலத்திலா என்று முடிவாகாத தவளை முன்னால் நின்றது. பறவையா விலங்கா என்று தெரியாத வௌவால் ஒரு கிளையில் தலைகீழாகத் தொங்கியது. குச்சிப்பூச்சி எல்லாவற்றுக்கும் முன்பே வந்து நின்றிருந்தது. அதைக் குச்சி என்று நினைத்து மற்றவை அதன்மேல் சாய்ந்துகொண்டிருந்தன.

“என் மக உயிரு போகப்போகுது, கொஞ்சம் வழி விடுங்க” என்றது செதில்முத்து.

“போங்கண்ணே” என்றது வௌவால், கண்ணைத் திறக்காமல். “எப்படியும் என் முறை வரும்போது நான் தூங்கிடுவேன்.”

தவளை முனகிக்கொண்டே தள்ளி நின்றது. குரங்கு இலையை நீட்டினார். செதில்முத்து சபைமுன் போய் நின்றது. நடுவில் கரடி கனகசபை. ஒரு பக்கம் மூத்த புலி. மறுபக்கம் சபைச் செயலாளர் மருதாயி. அவர் பெண்மான், பெண்மான்களின் பெரிய போராட்டத்தை நடத்திய குடும்பம். ஓரத்தில் கழுதைப்புலி, பாறையில் முதுகை ஒட்டவைத்துக்கொண்டு.

“யாரு?” என்றார் கனகசபை.

“அழுங்குங்க.”

“எது?”

“எறும்புத்தின்னி” என்று எடுத்துக்கொடுத்தார் மருதாயி.

“அப்படிச் சொல்லாதீங்கம்மா” என்றது செதில்முத்து. தனக்கே தெரியாமல் குரல் உயர்ந்தது. “அது வெளியில வெச்ச பேரு. நாங்க எங்களை அழுங்குன்னுதான் சொல்லிக்குவோம். ஒருத்தர் எதைச் சாப்பிடுறாரோ அதை வெச்சா கூப்பிடுறது? பெரிய ஐயாவை யாராவது ‘மான்தின்னி’ன்னு கூப்பிட்டிருக்கமா?”

மூத்த புலி வாய்விட்டுச் சிரித்தார். மருதாயி சிரிக்கவில்லை.

“அதெல்லாம் இருக்கட்டும். நீ பழமாச்சே” என்றார் கனகசபை.

“பழம் வந்து உங்ககிட்டப் பேசுமாங்க?”

கனகசபை யோசித்தார். “பேசியிருக்கலாம். கேக்குற வேகத்துல நான் சாப்பிட்டதில்ல.”

மருதாயி தொண்டையைச் செருமினார். “தலைவரே, எனக்கு இவங்கமேல விரோதமில்ல. ஆனா நாங்க எவ்வளவு ரத்தம் சிந்தி உள்ள வந்தோம்! கொம்பு இல்ல, கொம்பு இல்லன்னு எத்தனை தலைமுறை வெளிய நிறுத்துனீங்க! இப்ப தலை எது வால் எதுன்னு தெரியாம உருண்டு வர்றதையெல்லாம் சேர்த்துக்கிட்டா, எங்க ‘நாம்’க்கு என்ன மதிப்பு? எதுவும் படிப்படியாத்தான் வரணும்.”

“படிப்படியா வர்றதுக்குள்ள என் மக வாலை விட்டுடும்மா!” என்று கத்திவிட்டது செதில்முத்து.

எப்படிப் பேசினோம் என்று பிற்பாடு அதற்கே நினைவில்லை. அத்தனை நாள் படுத்துப் புரண்டு யோசித்ததெல்லாம் மொத்தமாக வந்து விழுந்தது.

“உள்ள இருட்டுல என் மக வாலைப் புடிச்சுக்கிட்டு மூச்சு விட்டுக்கிட்டிருக்குது. பெருந்தீயில நீங்கல்லாம் இந்தத் தண்ணியில நின்னு விட்டீங்களே, அதே மூச்சுங்க. அதுல கோடு இருந்துச்சா, புள்ளி இருந்துச்சா, கொம்பு இருந்துச்சா? யாரு பெருசு, யாரு சிறுசுன்னு தீ பார்த்துச்சா? எறும்பளவு உசுரானாலும் உசுரு உசுருதானே! ‘எல்லாரும் நாம்’னு எழுதியிருக்கீங்க. மொத்தத்தையும் மாத்தச் சொல்லல. அந்த நடுவுல இருக்குற ‘ரு’, அந்த ஒரே ஒரு எழுத்தைக் கொத்தி எடுத்துடுங்க. ‘எல்லாம் நாம்’னு ஆயிடும். ஒரு எழுத்துக்கு அந்தப் பக்கம் என் மக கிடக்குதுங்க!”

சபையின் பின்வரிசையில் நின்றிருந்த யானை அழுதுவிட்டார். பாறை அடியில் அரிசிமணி ஒன்றை இழுத்துக்கொண்டு போன எறும்பு ஒன்று, மணியைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டது. அதை யாரும் பார்க்கவில்லை.

வாக்கெடுப்பு நடந்தது. மூத்த புலி ஆமென்றார். அழுங்கைக் கடித்து ஒருமுறை அவருக்குப் பல் போயிருந்தது, அதற்கப்புறம் அந்தப் பக்கமே போனதில்லை. கழுதைப்புலி ஆமென்றார், ‘எல்லாம்’ என்று வந்துவிட்டால் தன் பின்பாதியும் சேர்ந்துவிடும் என்று அவருக்கு ஒரு கணக்கு. மருதாயி, யானை அழுவதைப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று சொல்லக் கூச்சப்பட்டுக் கையைத் தூக்கினார். கனகசபை மட்டும் தயங்கினார்.

“ஒரே ஒரு சந்தேகம். மூச்சு விடுறதெல்லாம் நாம்னா, பலாப்பழம்?”

“பலாப்பழம் மூச்சு விடாதுங்க” என்று அடித்துச் சொன்னது செதில்முத்து.

“நிச்சயமா?”

“நான் பொறுப்புங்க.”

“அப்ப சரி” என்றார் கனகசபை.

மரங்கொத்தி பாறையில் உட்கார்ந்து டொக், டொக், டொக் என்று ‘ரு’வை எடுத்துவிட்டது, எடுத்துவிட்டார். கடைசிச் சில்லு கீழே விழுந்த அந்த நொடியில், செதில்முத்து ‘அவர்’ ஆனார்.

அவர் ஓடினார். பின்னால் சபையே ஓடியது.

சிப்பியின் உருண்டையில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. வால் நுனி வெளியே வந்துவிட்டது. புள்ளிராசு அதை அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாம்! சிப்பி, நாம்னு சொல்லு! எழுத்தை எடுத்துட்டாங்க!”

“நாம்” என்றது உள்ளேயிருந்த குரல்.

புள்ளிராசு சபையைப் பார்த்தார். பாறையைப் பார்த்தார். வெடிப்பின் வழியே தெரிந்த இளஞ்சிவப்பு வயிற்றைப் பார்த்தார். “நா...” என்றார். வாய் திறந்தே இருந்தது. ஒரு சொட்டு எச்சில் விழுந்தது. அந்த ‘ம்’ வந்துசேர வெகுநேரம் ஆனது.

“...ம்.”

வாய் மூடிக்கொண்டது. சிப்பி வெளியே வந்தாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. குரங்கு செல்போனில் படம் எடுத்தார். மாலையில் ஊர்வலம் என்று கனகசபை அறிவித்தார்.

எல்லாரும் போன பிறகு புள்ளிராசு மெதுவாகக் கேட்டார். “வாழ்த்துகள் அண்ணே. மனசாரச் சொல்றேன். ஆனா ஒன்னு. எல்லாமே நாம்னு ஆயிட்டா, நான் என்னத்தைத் தின்னுறது?”

“அதைச் சபையிலதான் கேக்கணும் தம்பி” என்றார் செதில்முத்து. சொல்லிவிட்டு நடந்தார். கேள்வி நியாயமானதுதான் என்று பாதி வழியில் தோன்றியது. ஆனால் மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது, நியாயமான கேள்விகளுக்கு நேரம் இருப்பதில்லை. பின்னாலேயே மரத்துக்கு மரம் புள்ளிராசு தாவி வந்ததையும் அவர் கவனிக்கவில்லை.

“பசிக்குதுப்பா” என்றாள் சிப்பி.

அவருக்கும் பசித்தது. வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. மருதமரத்தடியில் ஒரு எறும்புப் புற்று இருந்தது. அவர்கள் வழக்கமாகச் சாப்பிடும் இடம். செதில்முத்து நகத்தால் ஒரு கீறு கீறினார். மண் சரிந்தது. நாக்கை நீட்டினார்.

“நாம்!”

குரல் மிகவும் சிறியது. நாக்கு அப்படியே நின்றது. புற்றின் வாசலில் ஒரு எறும்பு நின்றிருந்தது. காலையில் பாறையடியில் அரிசிமணியோடு நின்றது அதுதான். கடுகம்மா என்று பெயர்.

“நாம்!” என்றது மறுபடியும். அதன் பின்னால் புற்று முழுவதும் “நாம், நாம், நாம்” என்று, தூறல் சருகில் விழுவதுபோல் சத்தம் எழுந்தது.

“ஐயா, காலையில நீங்க பேசினதைக் கேட்டேன்” என்றது கடுகம்மா. “வந்து இங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். அழாத ஆள் இல்ல. ‘எறும்பளவு உசுரானாலும் உசுரு உசுருதானே’ன்னீங்க. எங்களுக்காக ஒருத்தர் பேசி நாங்க கேட்டதே இல்லைங்க.”

“அது வந்தும்மா, அளவுக்காகச் சொன்னது” என்றார் செதில்முத்து. நாக்கை நீட்டியபடி பேசியதால் சொல் குழறியது.

“என்னங்க?”

“ஒரு பேச்சுக்கு. ஒரு உவமை.”

“நாம்” என்றாள் சிப்பி.

அப்பா தடுப்பதற்குள் சொல்லிவிட்டாள். கடுகம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்து, நல்ல பிள்ளைபோலச் சொல்லி, வாயை மூடிக்கொண்டாள். புற்றில் ஆரவாரம் எழுந்தது. கடுகம்மா அவள் மூக்கின்மேல் ஏறி நின்று அழுதது.

“என்ன காரியம் பண்ணுன? பசிக்குதுன்னியே!”

“சொல்லணும்ல அப்பா? அவங்க நாம்தானே?”

“அதுங்கன்னு சொல்லு.”

“காலையில நம்மளையும் அப்படித்தானே...”

செதில்முத்து கடுகம்மாவிடம் திரும்பினார். “இங்க பாருங்கம்மா. உங்க கோரிக்கை நியாயமானது. நான் முழுமனசா ஆதரிக்கிறேன்.”

“அப்ப நாக்கை உள்ள இழுத்துக்குங்க.”

“எதுவும் படிப்படியாத்தான்...” என்று தொடங்கியவர் திடுக்கிட்டு நிறுத்தினார். அந்தச் சொல் தன் வாய்க்குள் எப்போது வந்து குடியேறியது? மருதாயி சொன்னபோது எவ்வளவு கசந்தது! இப்போது வழுவழுவென்று, எண்ணெய் தடவியதுபோல் வருகிறது. ஒரு நாள்கூட ஆகவில்லையே. நான் காலையில் பேசியது பொய்யா? இல்லை, உண்மைதான். அப்படியானால் இந்தப் பசி பொய்யா? அதுவும் இல்லை.

“மத்தவங்க வேற எதையாவது தின்னுக்கலாம்மா” என்றார் தணிந்த குரலில். “எனக்கு வேற வழி கிடையாது. பல்லுகூட இல்ல, பாருங்க. என் பேரே எறும்புத்தின்னி. தின்னலைன்னா அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்? ஒருத்தரோட பேரைப் பறிக்கிறது எவ்வளவு பெரிய அநியாயம்!”

“காலையில அழுங்குன்னீங்களே?”

“அது காலையில.”

எறும்புகள் காத்திருந்தன. சட்டப்படி அவர் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் தின்றால் சுனையில் தண்ணீர் இல்லை, கோடை வேறு. செதில்முத்து பாறையின் வரியையும் பழைய வழக்கத்தையும் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதிலுக்கு ‘நாம்’ சொல்ல வேண்டும். சரி. மனசாரச் சொல்ல வேண்டும். சரி. எப்போது சொல்ல வேண்டும் என்று எங்கேயாவது இருக்கிறதா?

எங்கேயும் இல்லை.

அவர் சாப்பிட்டார். வேகமாக, கண்ணை மூடிக்கொண்டு, புற்றின் அடிவரை சாப்பிட்டார். நாக்கை உள்ளே இழுத்தார். வாயைத் துடைத்தார். காலியான புற்றுக்கு முன்னால் தலைகுனிந்து நின்று, கண்ணில் நீர் மல்க, “நாம்” என்றார்.

அவ்வளவு உருக்கமான ‘நாம்’ அந்தக் காட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை. கேட்கத்தான் அதிகம் மிச்சமில்லை. சிப்பியின் மூக்கில் நின்றிருந்த கடுகம்மாவும், வேரோரம் ஓடி ஒளிந்த ஒரு சிறு படையும்தான்.

“அட, அண்ணே!”

மேலே கிளையில் புள்ளிராசு உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. “அப்படியும் சொல்லலாமா?”

அவர் கீழே குதித்தார். “நான் ஒரு மடையன்ணே. காலையில அவசரப்பட்டு முன்னாடியே சொல்லிட்டேன். நாள் பூரா பட்டினி. சபையில கேக்கச் சொன்னீங்க. கேக்கவே வேணாம் போல. பக்கத்துல இருந்து பார்த்தாலே கத்துக்கலாம்.”

செதில்முத்து மகளை வயிற்றோடு சேர்த்து அணைத்து, அவளையும் உள்ளே வைத்துச் சுருண்டுகொண்டார். அவள் மூக்கிலிருந்து கடுகம்மா கீழே உதிர்ந்தது. புள்ளிராசு உருண்டையை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, முன்காலை நீட்டி உட்கார்ந்தார். மிச்சமிருந்த எறும்புகள் வந்து உருண்டையைச் சுற்றி வட்டமாக நின்றன.

“ஐயா, இது எப்ப பிரியும்?” என்று புள்ளிராசுவைக் கேட்டது கடுகம்மா.

“பிரியும்மா. பிரிஞ்சா உனக்கும் சொல்றேன்.”

உள்ளே இருட்டாக இருந்தது.

“அப்பா, இப்ப ‘நாம்’னு கத்தினா விட்டுடுவாரா?”

“சொல்லுவாரு.”

“விட்டுடுவாரா?”

“சாப்பிட்டுட்டுச் சொல்லுவாரு.”

செதிலின் இடுக்கு வழியாகக் கடுகம்மாவின் குரல் வந்தது. “பாப்பா, நீ வெளிய வா. நீ முன்னாடியே சொன்னவ. உன்னை ஒன்னும் பண்ண மாட்டோம்.”

“சிறுத்தை?”

“அது அவர் விஷயம் கண்ணு. நாங்கள் அதுல தலையிடுறதில்ல.”

நாங்கள். இருட்டுக்குள் அந்தச் சொல்லைக் கேட்டதும் செதில்முத்துவுக்கு ஏதோ புரிந்ததுபோல் இருந்தது. புரிந்ததைச் சொல்ல வாயைத் திறந்தால் பிடி தளர்ந்துவிடும் என்பதால் சும்மா இருந்தார்.

அப்போது தாரை தப்பட்டையோடு ஊர்வலம் வந்தது. முன்னால் கனகசபை, பின்னால் மருதாயி, யானை, புலி, எல்லாருக்கும் பின்னால் சுதந்திரமாக முதுகைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டு கழுதைப்புலி. மருதமரத்தடிக்கு வந்ததும் ஊர்வலம் பிரமித்து நின்றது. ஒரு சிறுத்தையும் எறும்புக் கூட்டமும் அருகருகே, சண்டையில்லாமல், ஒருவரை ஒருவர் கடிக்காமல், அமைதியாக உட்கார்ந்திருக்கும் காட்சி!

“பார்த்தீங்களா!” என்றார் மருதாயி, குரல் தழுதழுக்க. “ஒரு எழுத்து எடுத்தோம். என்ன ஒற்றுமை வந்துடுச்சு!”

“எறும்புங்க, கொஞ்சம் சிறுத்தை ஐயா பக்கம் நகருங்க” என்றார் குரங்கு, செல்போனைத் தூக்கிப் பிடித்து. “ஐயா, லேசாப் பல்லைக் காட்டுங்க. பிரமாதம்.”

“நடுவுல பலாப்பழம் வேற வெச்சிருக்காங்களே!” என்றார் கனகசபை. அவர் நாக்கு ஊறியது. “விழாவுக்கா?”

உள்ளே செதில்முத்து, உயிரைக் கொடுத்து “நாம்!” என்று கத்தினார். ஆனால் மகளின் முதுகும் வாலும் அவர் வாயை அழுத்திக்கொண்டிருந்தன. திறக்க முடியாத வாயிலிருந்து அந்தச் சொல்லின் கடைசி எழுத்து மட்டும்தான் வந்தது.

“ம்ம்ம்ம்.”

கனகசபை காதைத் தீட்டினார். “பழம் மூச்சு விடுது போலிருக்கே?”

“பலாப்பழம் மூச்சு விடாதுங்க” என்றார் புள்ளிராசு.

“நிச்சயமா?”

“அண்ணன் செதில்முத்து பொறுப்பு எடுத்துக்கிட்டு சபையில சொன்னாராமே.”

“அப்ப சரி” என்றார் கனகசபை. ஊர்வலம் நகர்ந்தது. தப்பட்டைச் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்தது.

உருண்டைக்குள் அது தன் மகளை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டது.

நீதி: ‘நாம்’ என்று சொன்னால் வாய் மூடிக்கொள்ளும். ஆகவே, சாப்பிட்டு முடித்தபின் சொல்லவும்.